சில்லறைத் திருத்தங்கள்

கணினிக் கட்டளை ஒன்றில், ஒரு சொல்லுக்கு முன்னால் இரண்டு சிறு கோடுகள் இருக்க வேண்டும். கையேட்டை எழுதியவர் தன் மூலக் கோப்பில் இரண்டையும் சரியாகவே இட்டிருப்பார். ஆனால் 'இது கட்டளை, இதை அப்படியே விடு' என்று சொல்லும் குறிகளை இருபுறமும் இடாமல் விட்டிருப்பார். மூலக் கோப்பை அழகிய பக்கமாக மாற்றித் தரும் ஸ்பிங்க்ஸ் போன்ற மென்பொருள் அதைச் சாதாரண வாக்கியமாக எடுத்துக்கொள்ளும். அச்சுக்கலை மரபுப்படி இரு கோடுகளையும் இணைத்து ஒரே நீளக் கோடாக்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும். அதைப் படியெடுத்துத் தன் கணினியில் ஒட்டுகிறவருக்குப் பிழைச் செய்தி வரும். பழக்கப்பட்டவர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். புதிதாக வந்தவள், பிழை தன்னுடையது என்று நினைப்பாள். 'இது நமக்கு வராது' என்று மூடிவைத்துவிட்டுப் போனவர்களில் எத்தனை பேரை ஒரு கோடு துரத்தியிருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளில் இத்தகைய வடிவப் பிழைகள் ஏராளம். பட்டியலுக்கு முன் ஒரு வெற்று வரி விடாததால் ஐந்து படிநிலைகள் ஒரே பத்தியாகக் குழம்பிக் கிடக்கும். இரண்டு முக்காற்புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் இருப்பதால் நிரல்துண்டு உரைநடைக்குள் கரைந்துவிடும். திருத்துவதற்கு இரண்டு நிமிடம் போதும். இரண்டு நிமிடம் போதும் என்பதாலேயே இவ்வேலைக்கு 'டிரிவியல்' என்ற பெயர் வந்தது. லினக்ஸ் கருநிரலில் இத்தகைய திருத்தங்களைச் சேர்த்து அனுப்புவதற்கென்றே நெடுங்காலம் ஒரு தனித் தொகுப்பு இருந்தது; அதன் பெயரும் அதுவே. ஆவணங்களின் எழுத்துப்பிழைகள் அதற்குள் அடங்கும். நம் வழக்கில் சொன்னால் சில்லறை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு டிரிவியம் என்று ஓர் உறவுச் சொல் உண்டு. இடைக்கால ஐரோப்பியக் கல்வியில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற மூன்று தொடக்கப் பாடங்களுக்கு அதுதான் பெயர். இலக்கணம் நடத்திப் பிழைக்கிறவளான என்னால் இதை எளிதில் கடந்துபோக முடியவில்லை.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மெய்ப்புப் பார்க்கத் தெரியும். ஆய்வு மாணவியாக இருந்த ஆண்டுகளில் துறைப் பேராசிரியர்களின் நூல்களுக்கு நாங்கள் மெய்ப்புப் பார்த்தோம். நாங்கள் என்றால் துறையின் பெண்கள். எங்களோடு சேர்ந்த ஆண்கள் கருத்தரங்குகளுக்கு அழைப்பிதழ் கொடுக்கப் போவார்கள், மேடையில் நன்றியுரை சொல்வார்கள், அடுத்த கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பார்கள். நாங்கள் ஒற்றுப்பிழை பார்த்தோம். 'பெண்களுக்குத்தான் பொறுமை உண்டு' என்று பாராட்டும் கிடைத்தது. நூல் வெளிவந்ததும் முன்னுரையின் கடைசிப் பத்தியைப் புரட்டுவோம். 'மெய்ப்பு நோக்கி உதவிய மாணவியர்க்கு நன்றி' என்று இருக்கும். மாணவியர் என்பது ஒரு பெயரா?

அந்த வேலை சிறிது என்று நாங்கள் ஒருபோதும் எண்ணியதில்லை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெரியாது. எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்று முடிவெடுப்பதே பதிப்பு. ஒரு புள்ளி இடம் மாறினால் பாட்டின் பொருள் மாறும் என்று வகுப்பில் கற்பித்தார்கள். அந்தப் புள்ளியை இடுகிற கைக்கு என்ன பெயர் என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் கற்பிக்கவில்லை.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆவணம் எழுதும் பணியிலிருக்கும் என் முன்னாள் மாணவிதான் எனக்குக் 'கிட்' பதிவேட்டைக் காட்டினாள். ஒரு கோப்பில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் அதில் வரிசையாக இருந்தது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகியிருந்தன. காற்புள்ளி ஒன்றை நகர்த்தியவருக்கும் அங்கே ஒரு வரி இருந்தது. தமிழ்ப் பதிப்புலகம் செய்யாததை ஓர் இயந்திரம் செய்திருந்தது. அதன்பின் நானும் விடுமுறை நாள்களில் இத்தகைய திருத்தங்களை அனுப்பத் தொடங்கினேன். அனுப்ப அனுப்ப, இந்த வேலை எங்கிருந்து வருகிறது, இதை யார் செய்துவந்திருக்கிறார்கள், இதைச் சில்லறை என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்திருக்கிறது என்ற கேள்விகள் சேர்ந்துகொண்டன.

கணினிக்கு முன்பே கணினி ஆவணம் வந்துவிட்டது. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரத்தைப் பற்றி இத்தாலியரான மெனப்ரியா 1842இல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அதை 1843இல் ஏடா லவ்லேஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமான குறிப்புகளைத் தானே எழுதிச் சேர்த்தார். தன் முதலெழுத்துகளை மட்டுமே அடியில் இட்டார். பிரெஞ்சு மூலத்தில் ஓர் அச்சுப்பிழை இருந்தது. 'நேர்வு' என்ற பொருள்தரும் 'கா' என்ற சொல்லில் ஓர் உயிரெழுத்து மாறி, அது கணிதத்தின் 'காஸ்' ஆகிவிட்டது. லவ்லேஸ் அச்சில் இருந்தபடியே மொழிபெயர்த்துவிட்டார். நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவருக்குக் கணிதம் எவ்வளவு தெரியும் என்ற விவாதத்தில் இந்த ஓரெழுத்தும் சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டது. ஆண் எழுதிய கட்டுரையில் அது அச்சுப்பிழையாக மட்டுமே இருந்தது. பெண்ணின் மொழிபெயர்ப்புக்குள் வந்ததும் அறியாமைக்குச் சான்றாகிவிட்டது. சிறு பிழை யாருக்குச் சிறு பிழை என்பதை இந்த ஓரெழுத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

அடுத்த காட்சி அமெரிக்காவின் பெல் ஆய்வகம். யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற நாளைத் தாங்கி வந்தது. இன்றுவரை லினக்ஸ் கணினிகளில் நாம் திறக்கும் 'மேன்' பக்கங்களின் அமைப்பு அதிலிருந்து வருகிறது. யுனிக்ஸை ஆய்வகத்துக்குள்ளேயே முதலில் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் காப்புரிமைத் துறையின் தட்டச்சர்கள். விண்ணப்பங்களை வடிவமைத்து அச்சிட அவர்களுக்கு அது உதவியது. கணிதச் சமன்பாடுகளை அச்சிடுவதற்காகப் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் சேர்ந்து 'ஈக்யூஎன்' என்ற மொழியை உருவாக்கி, 1975இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். கணிதமும் அச்சுக்கலையும் அறியாத செயலர்களும் தட்டச்சர்களும் எளிதில் கற்கும்படி அம்மொழியை வடிவமைத்ததாக அதில் சொல்கிறார்கள். அந்த மேசைகளில் அன்று பெரும்பாலும் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள். மேலும், உரைநடையைச் சோதித்துக் குறைகாட்டும் 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' கருவித் தொகுப்பை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் செர்ரி. அவற்றின் வழிவந்த ஸ்டைல், டிக்‌ஷன் என்ற இரு கருவிகளைக் கட்டற்ற மென்பொருளாகக் குனூ திட்டம் இன்றும் தருகிறது. யுனிக்ஸ் என்றதும் இரண்டு ஆண்களின் புகைப்படம் நினைவுக்கு வருகிறது. கையேட்டை வாசிக்கத்தக்கதாக்கிய கருவிகளின் பக்கம் செர்ரி நிற்கிறார்.

இணையத்தின் விதிகள் எழுதப்பட்டிருக்கும் ஆவண வரிசைக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். 1969இல் தொடங்கியது, யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதன் பதிப்புப் பணியில் ஜான் போஸ்டலுடனும், அவர் 1998இல் மறைந்த பின்னும், 2006 வரை இருந்தவர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ். 1997இல் இருவரும் எழுதி வெளியிட்ட அறிவுரையின்படி ஒரு வரியில் 72 எழுத்துருக்களுக்கு மேல் போகக்கூடாது; ஒரு பக்கத்தில் 58 வரிகள். இதென்ன சமையற்கட்டு அளவு என்று தோன்றலாம். எந்த நாட்டில், எந்த இயந்திரத்தில் திறந்தாலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்கான கட்டுப்பாடு அது. வெளியான ஆர்.எஃப்.சி.யை மாற்ற முடியாது என்பதால் பிழைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. தொழில்நுட்பப் பிழை, பதிப்புப் பிழை என்று பிரித்து, யார் சுட்டினார், சரிபார்க்கப்பட்டதா என்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பிழை சுட்டுவதை அவமதிப்பாக எண்ணாமல், பணியின் ஒரு பகுதியாக ஏற்ற ஒரு மரபு அங்கே உருவானது.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் இந்தப் பின்னணியில்தான் வருகிறது. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், மென்பொருளோடு அதன் கையேடும் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்று பின்னர் வலியுறுத்தினார். வாசிக்கிறவருக்குத் திருத்தும் உரிமையும் வேண்டும் என்பது அதன் சாரம். 1991இல் லினக்ஸ் வந்தபின், அதற்கான வழிகாட்டிகளைத் தன்னார்வலர்கள் 'ஹவ்-டு' என்ற பெயரில் எழுதிக் குவித்தார்கள். அச்சுப்பொறியை இணைப்பது எப்படி, ஒலி அட்டையை இயக்குவது எப்படி என்று நீளும் அந்த வரிசையில், 2002இல் ஒரு வழிகாட்டி சேர்ந்தது. லினக்ஸில் பெண்களை ஊக்குவிப்பது எப்படி என்பது அதன் பொருள். எழுதியவர் கருநிரல் நிரலாளரான வால் ஹென்சன். இப்போது வேலரி அரோரா என்ற பெயரில் அறியப்படுகிறார். செய்யக்கூடாதவற்றின் பட்டியலில், பெண்ணுக்கு உதவும்போது அவள் கையிலிருந்து விசைப்பலகையைப் பிடுங்காதே என்று ஓர் அறிவுரை உண்டு. கோபத்தை அறிக்கையாக எழுதாமல், ஆண்கள் நாள்தோறும் படிக்கும் கையேட்டின் வடிவத்திலேயே எண்ணிட்டு எழுதிய அந்த உத்தியைப் பெண்ணிய வரலாற்றில் வைத்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

2005இல் லினஸ் டார்வால்ட்ஸ் 'கிட்'டை உருவாக்கினார். அடுத்த ஆண்டு, கோடைக்கால நிரல் பயிற்சிக்காகக் க்னோம் திட்டத்துக்கு ஏறத்தாழ 180 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து வரவில்லை. ஹான்னா வாலாக், கிறிஸ் பால் இருவரும் பெண்களுக்கென்று தனி அழைப்பு விடுத்தார்கள். நூறுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பெண்கள் இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் நூறு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். அந்த முயற்சியை 2010இல் மரீனா ஜுரகின்ஸ்கயா மீண்டும் உயிர்ப்பித்தார். அதுவே 2015 முதல் அவுட்ரீச்சி என்ற பெயரில் நடக்கும், ஊதியத்துடன் கூடிய பயிற்சித் திட்டம்.

அவுட்ரீச்சியில் விண்ணப்பிக்கிறவர் தேர்வுக்கு முன்பே தான் சேர விரும்பும் திட்டத்துக்கு ஒரு சிறு பங்களிப்பைச் செய்து காட்ட வேண்டும். கோப்பை எப்படிப் பெறுவது, மாற்றத்தை எப்படி அனுப்புவது, மூத்தவர் திருப்பியனுப்பினால் எப்படிப் பதில் சொல்வது என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள ஒரு காற்புள்ளி போதுமானது. வேலை சிறிது, கற்கிற நடைமுறை முழுமையானது. சில்லறைத் திருத்தம் இங்கே வாசற்படியாகிறது. அதைப் படியாகவே வைத்த திட்டம், ஏறியவளை உள்ளே அழைத்துச்செல்ல ஒரு வழிகாட்டியையும் அவளுடைய நேரத்துக்கு ஊதியத்தையும் கூடவே வைத்தது. இந்த இரண்டும் இல்லாத இடங்களில் அதே படி திண்ணையாகிவிடுகிறது. அங்கே வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

திண்ணை எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கிட்ஹப் 2017இல் வெளியிட்ட திறந்த மூலக் கருத்தாய்வில், குறைபட்ட அல்லது பழசாகிப்போன ஆவணங்கள் ஒரு சிக்கல் என்று 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர், தாங்கள் ஆவணத்தை அரிதாகவே தொடுவதாகவோ தொடுவதே இல்லை என்றோ சொன்னார்கள். பதில் சொன்னவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் பெண்கள். வீடு அழுக்காக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். துடைப்பத்தை எடுக்கப் பாதிப் பேருக்கு மேல் தயாரில்லை. இந்த வாக்கியத்தை நம்மில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பெயர் பதிவாவது மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் அதே ஆண்டு ஒரு பதில் வந்தது. கிட்ஹப்பில் அனுப்பப்பட்ட மாற்றங்களை ஆராய்ந்த ஒரு குழு, மொத்தத்தில் பெண்களின் மாற்றங்கள் ஆண்களுடையவற்றைவிட அதிகம் ஏற்கப்படுவதைக் கண்டது: 78.6 விழுக்காட்டுக்கு எதிராக 74.6. ஆனால் திட்டத்துக்குப் புதியவர்களாக இருந்து, பெண் என்பது சுயவிவரத்தில் வெளிப்படையாகத் தெரிந்தால், ஏற்பு விகிதம் ஆண்களைவிடக் கீழே இறங்கியது. நாங்கள் பெயருக்காக ஏங்கினோம். பெயர் கிடைத்த இடத்தில், அந்தப் பெயரே அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

சில்லறை என்ற சொல் ஆயுதமாகிய ஒரு நிகழ்வைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. நோட்.ஜேஎஸ் என்ற புகழ்பெற்ற மென்பொருளுக்கு அடித்தளமான நிரலகம் லிப்யூவி. 2013 நவம்பரில் அதன் ஆவணக் குறிப்பில் பயனாளரைக் குறித்த 'ஹி' என்ற ஆண்பாற் சொல்லை மாற்றி, பொதுவான 'தே' என்பதை இட ஒருவர் திருத்தம் அனுப்பினார். பராமரிப்பாளர்களில் ஒருவர், இத்தகைய சில்லறை மாற்றங்களில் ஆர்வமில்லை என்று திருப்பினார். இன்னொரு பொறுப்பாளர் அதை ஏற்றார். முதலாமவர் அதை மீண்டும் நீக்க முயன்றார். விவாதம் பெரிதானது. திட்டத்துக்குப் பின்னால் இருந்த ஜோயண்ட் நிறுவனம் அந்த மறுப்பைப் பகிரங்கமாகக் கண்டித்தது. மறுத்தவர் பொறுப்பிலிருந்து விலகினார். ஆங்கிலம் தன் தாய்மொழி இல்லை என்பதால் அச்சொல்லின் கனம் தனக்குப் புலப்படவில்லை என்றும் அவர் சொன்னார். அதை நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரு சொல் யாரை வெளியே நிறுத்துகிறதோ அவருக்குத்தான் அதன் கனம் முதலில் தெரியும். உள்ளே இருப்பவர் பார்வையில் அது இரண்டெழுத்து.

தமிழ் ஆசிரியையாக இந்த நிகழ்வில் எனக்கு இன்னொன்றும் பட்டது. பன்மைச் சொல்லை ஒருமைக்கு இடுவது இலக்கணப் பிழை என்று ஆங்கிலத்தில் சண்டை பிடித்தார்கள். ஒருவரைப் பன்மையால் கூறும் உலக வழக்கைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே குறித்திருக்கிறது. நம் 'அவர்' அப்படி வந்ததுதான். ஆண்பாலும் இல்லாமல் பெண்பாலும் இல்லாமல் மதிப்போடு ஒருவரைக் குறிக்கும் சொல் கையில் இருக்க, நம் பாடநூல்களில் 'மாணவன்' படிக்கிறான், 'ஆய்வாளன்' ஆராய்கிறான். மொழியில் வசதி இருப்பது ஒன்று, அதைக் கையாளும் மனம் இருப்பது வேறொன்று.

சில்லறைக்கு விலை வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற விழாவை நடத்திவந்தது. 2020இல் நான்கு மாற்றங்களை அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். நல்ல கையேட்டில் தேவையே இல்லாமல் 'அற்புதமான திட்டம்' என்று ஒரு சொற்றொடரைச் செருகி அனுப்பும் கூட்டம் பெருகியது. அனுப்பியவர்களில் இந்திய மாணவர்கள் கணிசமானோர் என்பதும் பேசப்பட்டது. சம்பளமின்றிப் பராமரிப்பவர்கள் குப்பை அள்ளிக் களைத்தார்கள். சில நாள்களிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். நான் இதைப் படித்தபோது, அந்த மாணவர்களைவிட அந்தப் பராமரிப்பவர்களை நினைத்தேன். ஒவ்வொரு காற்புள்ளியையும் திறந்து, இது திருத்தமா, திணிப்பா என்று பார்க்க ஒருவர் உட்கார வேண்டியிருக்கிறது. திருத்துகிறவருக்காவது பதிவேட்டில் பெயர் உண்டு. வேண்டாம் என்று நூறு முறை சொன்னவரின் உழைப்பு அங்கே ஒரு கொடையாகத் தெரிவதில்லை.

தமிழிலும் இந்த வேலை நடக்கிறது. 2012இல் தொடங்கிய கணியம், யாரும் பகிரலாம், திருத்தலாம் என்ற உரிமையுடன் கணினி நூல்களை வெளியிடுகிறது. அதன் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' நூலை எழுதியவர் து. நித்யா, ஒரு பெண். கையேடு எழுதுவதும் எழுத்துதான் என்று நம் இலக்கியக் கூட்டங்கள் எப்போது ஒப்புக்கொள்ளும் எனத் தெரியாது.

நான் முதுகலை வகுப்பில் பதிப்பியல் நடத்தும்போது இப்போது இந்தத் திருத்தங்களையும் பயிற்சியாகக் கொடுக்கிறேன். மாணவியர் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒற்று மிகும் இடமறிந்த கண்ணுக்கு விடுபட்ட குறி எளிதில் தெரியும். சென்ற பருவத்தில் ஒருத்தி கேட்டாள்: "மேம், இதை ரெஸ்யூம்ல போடலாமா?" போடு என்றேன். பெயரோடு போடு, எண்ணிக்கையோடு போடு. அதோடு, பத்துத் திருத்தம் ஏற்கப்பட்டதும் அடுத்தவர் அனுப்பும் திருத்தத்தைச் சரிபார்க்கும் உரிமையைக் கேள் என்றேன். கேட்டால் கொடுப்பார்களா என்றாள். சில இடங்களில் கொடுப்பார்கள், சில இடங்களில் 'உனக்குப் பொறுமை அதிகம்' என்று பாராட்டுவார்கள் என்றேன். பாராட்டு வந்தால் அந்தத் திட்டத்தைவிட்டு வேறு திட்டத்துக்குப் போய்விடு என்றும் சொன்னேன். எங்களுக்கு அன்று அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.